எரிமலைக்கு ஏழு நாள் லீவு!

மேட்டுப்பாளையம் என்று அட்ரஸ் சொன்னால் போதும், எதிரில் இருப்பவர் முகம் குளிர்ந்துவிடும். “அட, ஊட்டி ரயில் கிளம்புற ஊரா? கொடுத்து வச்சவர் சார் நீங்க!”

இல்லை சார். அது கோயமுத்தூர்ப் பக்கம். அடியேன் குடியிருப்பது புதுச்சேரி மேட்டுப்பாளையம். அங்கே ரயில் கிளம்பினால் இங்கே லாரி கிளம்பும். அங்கே பாக்குத் தோப்பு, இங்கே தொழிற்பேட்டை. மலை? பேரில் இருக்கிற ‘மேடு’தான் எங்களுக்கு வாய்த்த ஒரே மலை. அதிலும் சைக்கிளில் ஏறினால் மூச்சு வாங்காது.

இப்பேர்ப்பட்ட ஊர்க்காரன், மூவாயிரம் மீட்டர் மலையும் நெருப்புக் கக்கும் எரிமலையும் இருக்கிற ஒரு தீவுக்கு ஏழு நாள் டூர் போகத் திட்டம் போட்டால் என்ன ஆகும்? அந்தக் கதைதான் இது.

தீ வைத்தவர், லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதும் என் நண்பர். நானும் அவரும் ஒன்றாக பி.காம். படித்தோம். அவர் கணக்கு எழுதுகிறார். நான் கட்டுரை எழுதுகிறேன். இரண்டு பேருக்கும் மாசக் கடைசியில் வரவு செலவு இடிக்கும். போன மாதம் டீக்கடையில் கேட்டார்:

“உன் சீட்டு முடியுதாமே? நாலு லட்சம். என்ன பண்ணப் போறே?”

“மாடியில ஒரு ரூம் எடுக்கலாம்னு...”

“ரூம் கட்டுவே. வாடகைக்கு விடுவே. வர்றவன் தண்ணி மோட்டாருக்குச் சண்டை போடுவான். இதுக்கா நாப்பது மாசம் சீட்டு கட்டினே? எங்கேயாவது போய்ட்டு வரலாம் வா. நானும் பி.எஃப். லோன் போடறேன்.”

“எங்கே?”

“ரீயூனியன்!”

எந்த பேட்ச் சார்?

அந்தப் பேரை நான் கேள்விப்பட்டிருந்தேன். பாண்டிச்சேரிக்காரன் பாதிப் பேருக்கு பிரான்ஸ் பக்கம் ஒரு சொந்தக்காரன் இருப்பான், மீதிப் பேருக்கு ரீயூனியனில் ஒரு சொந்தக்காரன் இருந்ததாகச் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் டிராவல்ஸ்காரருக்கு அது தெரியவில்லை. போன் போட்டு, “ரீயூனியனுக்கு ஒரு வாரம், ரெண்டு பேர், என்ன ஆகும்?” என்று கேட்டேன்.

“எந்த பேட்ச் சார்? காலேஜா, ஸ்கூலா? ஏ.சி. ஹால் வேணுமா?”

பழைய மாணவர் சந்திப்பு என்று நினைத்துவிட்டார் மனுஷன். “ஹால் வேண்டாங்க, எரிமலை இருந்தா போதும்” என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே சுமார் 700 கிலோமீட்டர் தள்ளி, மொரிஷியஸுக்குப் பக்கத்து வீடு மாதிரி இருக்கிறது ரீயூனியன் தீவு. பிரான்ஸின் ஒரு மாவட்டம். பரப்பளவு 2,512 சதுர கிலோமீட்டர். நம் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் நாலு துண்டையும் ஒட்டவைத்தாலும் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் வரும். பணம், யூரோ. 2002 ஜனவரி 1-ம் தேதி யூரோ நோட்டு புழக்கத்துக்கு வந்தபோது முதல் வியாபாரம் நடந்ததே அங்கேதான் என்பார்கள். பிரான்ஸுக்கு மூன்று மணி நேரம் முன்னால் பொழுது விடிகிற இடமாயிற்றே! வாங்கிய சாமான், ஒரு கிலோ லிச்சிப் பழம்.

நடுவில் பித்தோன் தெ நேஜ் என்ற மலை, 3,070 மீட்டர். தென்னிந்தியாவின் உச்சியான ஆனைமுடி 2,695 மீட்டர்தான். பித்தோன் தெ நேஜ் எரிந்து ஓய்ந்த கிழவர். தென்கிழக்கு மூலையில் இருக்கிற பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் இன்னும் வாலிபர். உயரம் 2,632 மீட்டர். கிட்டத்தட்ட நம்ம தொட்டபெட்டா. தொட்டபெட்டாவில் டீ விற்பார்கள், இங்கே மலையே கொதிக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு விஷயம் படித்து அசந்து போனேன். பூமிக்கு அடியில் அந்தத் தீவை வளர்த்த அடுப்பு இருக்கிறதே, அதே அடுப்புதான் சுமார் ஆறரைக் கோடி வருடங்களுக்கு முன் நம் தக்காணத்தின் மேல் நெருப்புக் குழம்பைக் கொட்டியது என்கிறார்கள் புவியியல் அறிஞர்கள். அஜந்தா, எல்லோராக் குகைகளைக் குடைந்த கறுப்புப் பாறை அதில் உறைந்ததுதான். இந்தியா வடக்கே நகர்ந்து வந்துவிட்டது. அடுப்பு அங்கேயே நின்றுவிட்டது. ஆக, சொந்தக்காரர்கள் போவதற்கு முன்னாலேயே நமக்கும் அந்த ஊருக்கும் சமையல் உறவு இருந்திருக்கிறது!

பாட்டிகள் தீர்ந்துபோன பிரச்னை

நண்பருக்கு முதல் கவலை எரிமலை இல்லை, மேனேஜர். “ஏழு நாள் லீவுன்னா பாட்டி செத்தாத்தான் உண்டு. எனக்கு இருந்ததே ரெண்டு பாட்டி. தலா ரெண்டு தடவை சாகடிச்சாச்சு.”

“பெரியம்மா?”

“அவங்களை உலகக் கோப்பை கிரிக்கெட்டுக்கு யூஸ் பண்ணிட்டேனே!”

எனக்கு மேனேஜர் கிடையாது. அதைவிடப் பெரிய ஆபீஸர் வீட்டில் இருக்கிறார். நாலு லட்சத்தைக் கேட்டதும் என் மனைவி நிதியமைச்சர் மாதிரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “எப்ப மழை பெய்யும், எப்ப வெயில் அடிக்கும்னு விசாரிச்சீங்களா?” என்றாள்.

விசாரித்தேன். நல்லவேளை, விசாரித்தேன். 1966 ஜனவரியில் ஒரு புயலின்போது அந்தத் தீவில் ஒரு மலைப்பகுதியில் 24 மணி நேரத்தில் பெய்த மழை 1,825 மில்லிமீட்டர். உலக சாதனை. நமக்குப் புதுச்சேரியில் வருஷம் பூராவும் சேர்த்தே அவ்வளவு பெய்யாது! டிசம்பரிலிருந்து மார்ச் வரை அங்கே புயல் காலம். பொங்கல் லீவில் போகலாம் என்றிருந்த திட்டம் அன்றைக்கே காலி. மே முதல் அக்டோபர் வரை மழை குறைவு, குளிரும் உண்டு. மலை மேல் ஸ்வெட்டர் இல்லாமல் நடக்காது. மேட்டுப்பாளையத்துக்காரன் ஸ்வெட்டருக்கு எங்கே போவான்? நண்பர் தன் கல்யாணக் கோட்டைத் தூசு தட்டி வெயிலில் போட்டார்.

அடுத்து விசா. இதை மட்டும் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். ரீயூனியன் பிரான்ஸ்தான், ஆனால் ஷெங்கன் பகுதிக்குள் சேராது. பாரீஸுக்கு வாங்கின விசாவைக் காட்டி உள்ளே நுழையலாம் என்று நினைத்தால் நடக்காது. இந்தக் கடல் கடந்த மாவட்டத்துக்கும் செல்லும் என்று விசாவில் தனியாகக் குறிப்பு இருக்க வேண்டும். விண்ணப்பம் போடும்போதே விசாரித்துவிடுவது உத்தமம்.

சொல்தா தாத்தா சொன்ன பேர்

பிரெஞ்சில் நாலு வார்த்தை கற்றுக்கொள்ளலாம் என்று சொல்தா தாத்தாவிடம் போனோம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் ‘சொல்தா’ என்போம். எண்பதைத் தாண்டியும் விறைப்பாக நடப்பார்.

எங்கள் திட்டத்தைப் பார்த்தார். நண்பர் எழுதியது அது. முதல் நாள் இறங்கியதும் மலையடிவாரம். இரண்டாம் நாள் பித்தோன் தெ நேஜ் உச்சி. மூன்று, நான்கு மஃபாத் பள்ளத்தாக்கு. ஐந்து எரிமலை வாய். ஆறு கடலில் நீச்சல். ஏழு ஊர்.

“நீ லீவுக்குப் போறியா, தண்டனைக்குப் போறியா?” என்றார் தாத்தா. “மஃபாத்துக்கு ரோடு கிடையாது, தெரியுமா? அடிமையா இருந்து தப்பி ஓடினவன் ஒளிஞ்ச பள்ளம் அது. அவன் பேர்தான் இன்னிக்கும் அதுக்கு. நடந்து போகணும், இல்லேன்னா ஹெலிகாப்டர். உன் தொப்பைக்கு ஹெலிகாப்டர்காரன் எக்ஸ்ட்ரா கேப்பான்.”

நண்பர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“கடல்ல நீச்சலா? சுறா உண்டு. 2013-லயே தடை போட்டுட்டாங்க. பவளப்பாறை அணை கட்டின மாதிரி இருக்கிற இடத்திலயும், காவல் போட்ட இடத்திலயும்தான் குளிக்கலாம்.” பென்சிலை எடுத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தவர் தனக்குள் சொல்லிக்கொண்டார்: “புர்போன்ல அவசரப்படக் கூடாது...”

“புர்போனா? பிஸ்கெட்டா தாத்தா?”

“பிஸ்கெட்டுக்கும் அந்தப் பேர், தீவுக்கும் அந்தப் பேர். ரெண்டும் பிரெஞ்சு ராஜ வம்சத்துப் பேர்தான். தீவுக்கு ரீயூனியன்னு நிலைச்சது 1848-லதான். நம்ம பெரியவங்க வாயில கடைசி வரைக்கும் புர்போன்தான்.”

அன்று ராத்திரி சாப்பிடும்போது இதை ஒரு ஜோக்காக வீட்டில் சொன்னேன். சொல்தா தாத்தா, பிஸ்கெட், தொப்பை, எல்லாம். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. சாதத்தில் கை அப்படியே நின்றுவிட்டது.

“என்ன பேரு சொன்னே?”

“புர்போன்.”

“எங்க தாத்தாவுக்குப் பெரியப்பா ஒருத்தர் ‘புருபோனுக்கு’ப் போனார்னு சொல்லுவாங்க. அது ஏதோ கம்பெனி பேருன்னு நினைச்சிட்டிருந்தேன், இத்தனை வருஷமா.”

அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. மில்லில் முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்தவர், வார்த்தையையும் ரேஷனில்தான் விடுவார். அன்றைக்கு விட்டார். தாது வருஷப் பஞ்சத்தில் வீட்டில் நெல் இல்லை. மூத்த பையன் பாண்டிச்சேரியில் கப்பல் ஏறிவிட்டான். அஞ்சு வருஷ ஒப்பந்தம், முடிந்ததும் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனானாம். “அவரோட அம்மா அஞ்சு தீபாவளியை எண்ணினாளாம். ஆறாவதிலேர்ந்து எண்றதை விட்டுட்டாளாம்” என்று சொல்லிவிட்டு அப்பா கை கழுவப் போய்விட்டார்.

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பி.காம். படித்தவனுக்குத் தூக்கம் வராவிட்டால் கணக்குப் பார்ப்பான். தாது வருஷம் என்றால் 1876-77. கணக்கு சரியாகவே இருந்தது.

எப்படி என்றால், ரீயூனியனில் அடிமை முறை ஒழிந்தது 1848 டிசம்பர் 20. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் ஒப்பந்தக் கூலிகளாக ஆள் எடுத்தார்கள். 1860-61-ல் பிரான்ஸும் பிரிட்டனும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டதும் பிரிட்டிஷ் பகுதிக்காரர்களும் சேர்ந்தார்கள். கூலிகள் நடத்தப்பட்ட விதத்தைப் பார்த்து 1882-ல் பிரிட்டிஷ் அரசு நிறுத்தியது. அதற்குள் போனவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். ஒப்பந்தத்தில் திரும்பி வரும் பயணமும் உண்டு. ஆனால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது, மறுபடி புதுப்பிக்கப்பட்டது. பெரும்பாலோர் திரும்பவில்லை.

அவர்கள் பேரை பிரெஞ்சு குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார்கள். அப்பன் பேரே குடும்பப் பேராகிவிட்டது. ராமசாமி, கணபதி எல்லாம் இன்று அங்கே குடும்பப் பெயர்கள். சேன் தாந்த்ரே நகரின் மேயராகவும் பிரெஞ்சு செனட் உறுப்பினராகவும் இருந்தவர் ஷான்-போல் விராபுல்லே. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வீரப்பிள்ளை கேட்கிறதா? தமிழ் பேசுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், ஆனால் காவடி நிற்கவில்லை. தீமிதியும் நிற்கவில்லை. பாண்டியாலே என்று அவர்கள் கும்பிடுவது நம் பாஞ்சாலியைத்தான், திரௌபதி அம்மனைத்தான். முருங்கைக்கீரைக்கு அங்கே பேர் ‘பிரேத் முருங்’. பிரெஞ்சுக்காரன் நாக்கிலும் முருங்கை மரம் ஏறிவிட்டது!

திட்டம் நம்பர் இரண்டு

காலையில் நண்பரிடம் சொன்னேன்: “உச்சி மலையை எடுத்துடலாம். அப்பாவைக் கூட்டிட்டுப் போறேன்.”

மனிதர் முறைப்பார் என்று நினைத்தேன். “தப்பிச்சேன்டா” என்றார். “சொல்தா தாத்தா தொப்பையைப் பார்த்ததிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லை.”

அப்பாவுக்கு எழுபத்தாறு வயசு, முழங்கால் வலி. அவரை வைத்துக்கொண்டு மலைத் தீவைப் பார்க்க முடியுமா? முடியும். காரிலேயே போய்ப் பார்க்கக்கூடிய இடங்களாக எடுத்தோம். மூவர் குழு தயாரித்த திட்டம் இதோ. உங்களுக்கும் உதவும்.

முதல் நாள்: மொரிஷியஸ் வழியாக சேன் தெனி. விமான நிலையத்தின் பேர் ரோலான் காரோஸ். டென்னிஸ் பார்க்கிறவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பாரீஸ் டென்னிஸ் மைதானத்துக்கும் அவர் பேர்தான். விமானி, பிறந்தது சேன் தெனியில். அன்றைக்கு ஓய்வு, மார்க்கெட். பருப்பில் மிளகாய் போட்டுப் பொரித்த ‘போம்போன் பிமான்’ கிடைக்கும். நம்ம மசால்வடைக்குத் தம்பி.

இரண்டாம் நாள்: காலியாக விட்டிருக்கிறோம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மூன்றாம் நாள்: மைதோ. 2,000 மீட்டருக்கு மேல் காரிலேயே ஏறி, மஃபாத் பள்ளத்தாக்கை மேலிருந்து பார்க்கலாம். நடக்க வேண்டாம், ஹெலிகாப்டர் செலவும் மிச்சம். ஆனால் விடியற்காலையில் போய்விட வேண்டும். பத்து மணிக்கு மேல் மேகம் வந்து ஷட்டரை இறக்கிவிடும்.

நாலாம் நாள்: சிலாவோஸ். போகிற பாதையில் நானூறு வளைவுகள். கொல்லிமலையில் எழுபது ஊசி வளைவுகளுக்கே எலுமிச்சம்பழம் முகர்ந்தவன் நான். அரை டஜன் எலுமிச்சை லிஸ்டில் சேர்த்தாயிற்று. சிலாவோஸ் பருப்பு பிரசித்தம். அப்பாவுக்குச் சாம்பார் கவலை தீர்ந்தது.

ஐந்தாம் நாள்: எரிமலை. பா தெ பெல்கோம்ப் என்ற விளிம்பு வரை கார் போகும். அங்கிருந்து பார்த்தால் செவ்வாய்க் கிரகம். அப்பாவும் நானும் விளிம்பில் உட்கார்ந்து தயிர்சாதம். நண்பர் மட்டும், கால் ஒத்துழைத்தால், இறங்கி எரிமலை வாய் வரை நடந்து வருவார். போக வர ஐந்தாறு மணி நேரம். மலை கக்க ஆரம்பித்தால் உள்ளே விடமாட்டார்கள். 1979-ல் தொடங்கிய கண்காணிப்பு நிலையம் இருபத்துநாலு மணி நேரமும் அதன் நாடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஆறாம் நாள்: கிழக்குக் கரை. எரிமலைக் குழம்பு ஓடிக் கடலில் இறங்கிய தடத்தின் மேலேயே ரோடு. 2007-ல் ரோட்டையே மூடிவிட்டு ஓடியது குழம்பு. சேன்த் ரோஸ் பக்கத்தில் ஒரு மாதா கோயில். 1977-ல் குழம்பு ஊருக்குள் புகுந்து, கோயிலைச் சுற்றி வளைத்து, வாசலுக்குள் நுழைந்து, கட்டடத்தை அழிக்காமல் உறைந்துவிட்டது. பிறகு சேன் தாந்த்ரேயில் தமிழ்க் கோயில். அப்பா அர்ச்சனை சீட்டு வாங்க யூரோ சில்லறை தனியாக வேண்டும் என்றார்.

ஏழாம் நாள்: எதுவும் பார்க்காமல் கிளம்புவது. மலை ஊரில் மழை, மண் சரிவு என்று ஒரு நாள் எப்படியும் போகும். அந்த ஒரு நாளைக் கையில் வைத்திருப்பவன்தான் புத்திசாலி டூரிஸ்ட்.

அந்த இரண்டாம் நாள்

சேன் தெனியிலிருந்து மேற்கே, மலைக்கும் கடலுக்கும் நடுவில் இடுக்காகப் போகிறது கடற்கரைச் சாலை. பாறை விழுகிறது என்று 2022-ல் கடலுக்கு மேலேயே ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நீளத்தில் ஒரு பாலம் கட்டித் திறந்திருக்கிறார்கள். அந்த வழியில், கிராண்ட் ஷலூப் என்ற சின்னப் பள்ளத்தாக்கு. அங்கே லசாரே என்று ஒரு பழைய கட்டடம். கப்பலில் வந்த கூலிகளை, நோய் நொடி இல்லை என்று தெரியும்வரை ஒதுக்கி வைத்த இடம். 1860 வாக்கில் கட்டியது. இப்போது புதுப்பித்துப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள்.

தாது வருஷத்தில் கப்பலை விட்டு இறங்கிய ஒரு பையன் அந்தத் தீவில் முதன்முதலாகப் படுத்துத் தூங்கியது அநேகமாக அங்கேதான். ஊரில் என் பெயர்ப் பலகையைத் தேடப் போவதில்லை. ஆவணக் காப்பகத்தில் கூலிகளின் பதிவேடுகள் இருக்கின்றன. ஆனால் எங்களிடம் கப்பல் பேர் இல்லை, தேதி இல்லை. ஒற்றைப் பேர் இருக்கிறது. அந்தப் பேரில் எங்கள் பக்கம் தெருவுக்கு மூணு பேர். கிடைக்காது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

“கிடைக்க வேண்டாம்டா” என்றார். “அந்த இடத்துல கொஞ்ச நேரம் நின்னுட்டு வருவோம். வீட்டிலேர்ந்து யாருமே வரலைன்னு இருக்கக் கூடாது.”

நிதியமைச்சர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “மாடி ரூம் எங்கேயும் ஓடிப்போகாது. முதல்ல மாமாவைக் கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க. நான் அடுத்த சீட்டுக்கு வர்றேன்.” மசோதா ஒருமனதாக நிறைவேறியது. (அடுத்த சீட்டு ஐம்பது மாதம் என்பது அப்புறம்தான் தெரிந்தது.)

நண்பரும் லீவு லெட்டர் கொடுத்துவிட்டார். இந்தத் தடவை யாரையும் சாகடிக்கவில்லை. ‘நண்பரின் கொள்ளுத் தாத்தாவுக்குப் பெரியப்பாவைப் பார்க்கச் செல்வதால்’ என்று உண்மையையே எழுதினாராம். மேனேஜர் இரண்டு தடவை படித்துவிட்டு, பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நேற்று திட்டத்தைச் சுத்தமாகக் காப்பி எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். மலை, எரிமலை, கோயில் எதையும் அவர் படிக்கவில்லை. நேராகக் கடைசி வரிக்குப் போனார். ‘ஏழாம் நாள், ஊர் திரும்புதல்.’

“இது நிச்சயம்தானே?”

“ரிட்டர்ன் டிக்கெட்டோடதான்பா போறோம்.”

பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்த வரிக்குக் கீழே மெதுவாக ஒரு கோடு போட்டார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

“ஸ்வெட்டர் நல்லதா எங்கேடா கிடைக்கும்?”